பதிவேட்டுக் கட்டமும் வீட்டு மொழியும்

புக்கிட் செந்தோசா 1990-களில் எழுந்த குடியிருப்பு நகரம். உலு சிலாங்கூர் மாவட்டத்தைச் சேர்ந்ததாயினும், மேற்கே கோலசிலாங்கூர் வரை பரந்த தோட்டப்புறத்தோடு அதன் வாழ்வு பிணைந்தது. தோட்டங்கள் கைமாறியபோது லயங்களை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பல இத்தகைய புறநகர்களில் குடியேறின.

இந்நகர மக்களை விவரிக்கும் அட்டவணை பெரும்பாலும் மலாய்க்காரர், சீனர், இந்தியர், பிறர் என்னும் நான்கு கட்டங்களில் முடிந்துவிடும். மொழியியல் நோக்கில் இவை போதா. ‘சீனர்’ என்னும் கட்டத்துள் ஹக்கா, ஹொக்கியன், கண்டோனீஸ் பேசுவோர் உளர். வட சிலாங்கூர்க் கரையோர மலாய்க்காரர் பலரின் முன்னோர் சாவகத்திலிருந்தும் பஞ்சார் நாட்டிலிருந்தும் வந்தவர்கள். ‘இந்தியர்’ என்பதனுள்ளோ தமிழ், தெலுங்கு, மலையாளம், பஞ்சாபி ஆகியன அடங்குகின்றன. 1931-ஆம் ஆண்டு மலாயாக் கணக்கெடுப்பு இவர்களைத் தனித்தனியே எண்ணியது. இன்றைய சுருக்க அட்டவணைகளில் ‘தமிழர்’ என்ற பெயரையே காணோம்.

சமயக் கட்டமும் இக்குறையை நிரப்பாது. மாரியம்மனை வழிபடுவோரும் தேவாலயம் செல்வோரும் பள்ளிவாசலில் தொழுவோரும் தமிழருள் உளர். கூட்டரசு அரசமைப்பின் 160-ஆம் பிரிவு, பிறப்பு, வசிப்பிட நிபந்தனைகளோடு, இஸ்லாத்தைப் பின்பற்றி, மலாய் மொழியை வழக்கமாகப் பேசி, மலாய் வழக்காறுகளைக் கைக்கொள்பவரை மலாய்க்காரர் என வரையறுக்கிறது. ஆகவே தமிழ் முஸ்லிம் குடும்பமொன்றில் வீட்டு மொழி மாறும்போது, சமயக் கட்டம் அசையாதிருக்க, இனக் கட்டம் நகரக்கூடும். இவ்விடத்தில் இனத்தைத் தீர்மானிப்பதில் மொழிக்கும் பங்குண்டு என்பதை மாணவர் கருத வேண்டும்.

சொற்கள் இக்கட்டங்களை மதிப்பதில்லை. மலாயின் ‘கெத்தா’ நம் தோட்டத் தமிழில் ‘கித்தா’ ஆயிற்று. நம் ‘கடை’ மலாயில் ‘கெடாய்’ ஆயிற்று.

ஆசிரியர்க்கு இது வெறும் ஆய்வுச் சிக்கலன்று. 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, தேசியப் பள்ளியில் குறைந்தது 15 மாணவரின் பெற்றோர் கோரினால் தமிழ் கற்பிக்க வசதி செய்தல் வேண்டும். பதிவேடு இனத்தை எண்ணுகிறது. சட்டமோ மொழியைக் கோருவோரை எண்ணுகிறது. நான் அறிந்த பள்ளியொன்றில் ‘இந்தியர்’ எனப் பதிவானோர் இருபதுக்கு மேற்பட்டிருந்தும், கோரிக்கை 9 பேரோடு நின்றது. விதியை அறியாத பெற்றோரே மிகுதி. மறு ஆண்டு ஆசிரியை ஒருவர், “பாட்டியோடு எம்மொழியில் பேசுகிறாய்?” என ஒவ்வொரு பிள்ளையையும் வினவிக் குறித்துக்கொண்டு, பெற்றோரைச் சந்தித்தார். கோரிக்கை 17 ஆயிற்று. அவர்களுள் மூவர் தெலுங்கு வீட்டுப் பிள்ளைகள்.