பழைய வண்டியும் புதிய பாதையும்

மோட்டார் வண்டியின் பெருமையைப் பேசப் புகுவோர் பெரும்பாலும் அதன் இயந்திரத்தையே பேசுவர். எத்துணைக் குதிரைவலு, எத்துணை விரைவு என்பனவே அவர்தம் வினாக்கள். ஆயினும், வண்டியை நிலத்தோடு பிணைத்து நிற்பன நான்கு ரயர்களே. அவை ஒவ்வொன்றும் நிலத்திற் படியும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவினதாம். அந்த உள்ளங்கை நிலத்தை விட்டு அகலாதவாறு காத்தலே வில், சொக் அப்சோபர், சுக்கான் என்பவற்றின் தொழில். பழைய வண்டியைப் புதுக்க விழைவோர் இவற்றை முதலிலும் இயந்திரத்தை இறுதியிலும் வைத்தல் வேண்டும். அதன் காரணத்தை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோப்பூரில் தமிழ் கற்பிக்கும் எமக்கு இப்பொருளில் என்ன தொடர்பு என வினவுவாரும் இருத்தல் கூடும். தொடர்பு எமது பாதையில் இருக்கின்றது. முன்னர் திருக்கோணமலைக்குச் செல்வோர் கிண்ணியாத் துறையிற் படகுக்குக் காத்துநின்றனர். 2009 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது, தெருக்களும் செப்பனிடப்பட்டன. மெல்ல ஊர்ந்த வண்டிகள் இன்று விரைந்து செல்கின்றன. இதனிடையே 2020 ஆம் ஆண்டு முதல் 2025 ஆம் ஆண்டின் தொடக்கம் வரை தனியார் வாகன இறக்குமதி நாட்டில் தடைப்பட்டிருந்தமையாற் பழைய வண்டிகளின் மதிப்பும் உயர்ந்தது. வண்டி பழையது, பாதை புதியது, வேகமும் புதியது. இம்மூன்றும் கூடுமிடத்தில் உயிராபத்தும் கூடுகின்றது.

எடுத்துக்காட்டாக, இந்நாட்டில் ஆசிரியரும் வைத்தியரும் அலுவலரும் பெரிதும் விரும்பி வைத்திருந்த மொறிஸ் மைனர் வண்டியைக் கொள்வோம். 1906 ஆம் ஆண்டில் சிமிர்னா நகரிற் பிறந்த அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலறிஞர் இதனை வகுத்தார். 1948 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்த இவ்வண்டி, 1971 ஆம் ஆண்டு வரையிற் பதினாறு இலட்சம் அளவிற் செய்யப்பட்டது. செய்முறை முடிந்த பின்னரும் இதன் வாழ்வு முடியவில்லை. இங்கிலாந்தின் பாத் நகரில் இவ்வண்டிகளைப் புதுக்கிவந்த சார்ல்ஸ் வேயர் என்பார், 1990 ஆம் ஆண்டுகளில் இதன் உதிரிப் பாகங்களை இலங்கையிலேயே செய்விக்க முயன்றமையும் குறிப்பிடத்தக்கது.

இவ்வண்டி உருவாகும்போதே அதன் நிலைப்பு திருத்தப்பட்டது என்பது பலரும் அறியாத செய்தி. முதலிற் செய்த மாதிரி வண்டி ஒடுங்கியதாகத் தோன்றவே, இசிகோனிஸ் அதனை நெடுக்காக இரண்டாகப் பிளப்பித்து, இரு பாதிகளையும் நான்கு அங்குலம் விலக்கி வைப்பித்தார். மூடியின் நடுவே தட்டையாக ஓடும் பட்டை அந்த நான்கு அங்குலத்தின் அடையாளமேயாம். அகலம் கூடியதால் வளைவில் வண்டி சாய்வது குறைந்தது. முன்சில்லுகளுக்கு முறுக்குக் கோல்களும், பின்னச்சுக்குத் தகட்டு வில்களும், சுக்கானுக்குப் பற்சட்டமும் பற்சில்லும் அமைந்தன. முறுக்குக் கோல் என்பது ஒரு நேரான உருக்குக் கம்பி. அதன் ஒருமுனை வண்டியின் அடிச்சட்டத்திற் பூட்டப்பட்டிருக்கும். மறுமுனை சில்லைத் தாங்கும் கையிற் பொருந்தியிருக்கும். சில்லு மேலெழும்போது கம்பி முறுகி, மீண்டும் நிமிர்ந்து சில்லைக் கீழிறக்கும்.

இத்துணை நல்ல அமைப்பை மேம்படுத்துவதற்கு முதற்படி புதியதொன்றை வாங்குதலன்று, தேய்ந்ததை மாற்றுதலேயாம். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது நம் முன்னோர் பழமொழி. மைனரின் முன்சில்லைத் தாங்கித் திரும்பும் முளை, மேலும் கீழும் மரையுள்ள தாங்கிகளிற் சுழல்வது. அங்குக் கிறீஸ் வற்றினால் மரை தேயும். மிகத் தேய்ந்தாற் கீழ்மரை கழன்று, சில்லு மடங்கி, வண்டி ஒருபக்கமாய் நிலத்தில் வீழும். ஆதலின் 1,000 மைலுக்கு ஒருமுறையேனும், யக்கினாற் சில்லை உயர்த்திப் பாரம் நீக்கியபின், அவ்விடங்களுக்குக் கிறீஸ் ஏற்றுதல் வேண்டும். அடித்தகடுகளையும் நோக்குதல் அவசியம். கொட்டியாரக் குடாவின் உப்புக்காற்று இரும்பை விரைவில் அரிக்கும். முறுக்குக் கோல் பூட்டிய சட்டமும், தகட்டு வில் தொங்கும் இடமும் துருவேறியிருப்பின், அவற்றின்மேல் எவ்வளவு விலையுயர்ந்த பாகத்தைப் பூட்டினும் பயனில்லை.

இரண்டாம் படி சொக் அப்சோபர். வில் அதிர்ச்சியை ஏற்கும். ஆனால் ஏற்றபின் தானாக ஓயாது, பலமுறை துள்ளும். அத்துள்ளலை அடக்குவது சொக் அப்சோபரினுள் நுண்துளை வழியே தள்ளப்படும் எண்ணெயாகும். மைனரில் உள்ளவை கைபோல அசையும் பழைய வகையின. அவற்றின் எண்ணெய் கசிந்து குறைந்தால், மேட்டைக் கடந்த சில்லு நிலத்தைத் தொடாமல் துள்ளிச் செல்லும். தொடாத சில்லைத் திருப்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. முன்புறத்தில் அந்தக் கையே சில்லின் மேற்றாங்கியாகவும் இருப்பதால், அது தளர்ந்தாற் சில்லே தளர்ந்ததாகும். இக்காலத்தில் நீள்குழாய் வடிவான புதிய வகையைப் பூட்டுதற்கு வேண்டிய பாகங்கள் கிடைக்கின்றன. பழைய வண்டி ஒன்றிற்குச் செய்யக்கூடிய பயன்மிக்க மாற்றங்களுள் இது ஒன்று.

மூன்றாம் படி ரயர். மைனர் பிறந்த காலத்து ரயர்களில் நூலடுக்குகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் சென்றன. இக்காலத்து ரேடியல் ரயர்களில் அவை விளிம்பிலிருந்து விளிம்புக்கு நேரே செல்வதால், வளைவிலும் ரயரின் முகம் நிலத்திற் படிந்திருக்கும். ஆனால் ஓர் அச்சில் இவ்விரு வகையையும் கலத்தலாகாது. முன்னே ரேடியலும் பின்னே பழைய வகையும் இடுதல் மிகக் கேடானது; பின்பகுதி வழுக்கி வண்டி சுழன்றுவிடும். நான்கையும் ஒருங்கே மாற்றுதலே முறை.

இவை முடிந்தபின்னரே வில்லைப் பற்றி எண்ணுதல் தகும். வண்டியைத் தாழ்த்தினால் அதன் பாரமையம் தாழ்ந்து சாய்வு குறையும் என்பது உண்மையே. ஆயினும், எம்மூர் வேகத்தடைகளிலும் மழைக்காலக் குழிகளிலும் தாழ்ந்த வண்டியின் அடி இடிபடும். வில்லை மிகக் கடினமாக்கினாற் கரடான தெருவிற் சில்லு நிலத்தைத் தழுவாது துள்ளும். முன்சில்லுகள் இரண்டையும் இணைக்கும் சாய்வு தடுக்கும் கோல் ஒன்று, உயரத்தைக் குறைக்காமலே வளைவுச் சாய்வைக் குறைக்கும். அதுவும் அளவோடு அமைதல் வேண்டும்; மிகக் கடினமாயின் வளைவில் முன்பகுதி திரும்ப மறுத்து வெளியே செல்லும்.

இறுதியாக இயந்திரம். 1948 இன் மைனர் 918 கன செ.மீ. இயந்திரமும் 27½ குதிரைவலுவும் உடையது. 1962 இல் இயந்திரம் 1,098 கன செ.மீ. ஆகி, வலு 48 ஆயிற்று. அவ்வாறு வலுவைக் கூட்டியபோது, செய்தோர் முன்பிறேக்கின் உருளையையும் 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாக்கினர். வேகம் இருமடங்கானால், பிறேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரம் நான்மடங்காகும் என்னும் கணக்கே இதன் காரணம். இதனை எண்ணாது யப்பானிய வண்டியின் வலிய இயந்திரத்தைப் பழைய பிறேக்கின்மேல் ஏற்றுவோரும் நம்மிடை உளர். வலிய இயந்திரம் வேண்டுவோர் தட்டு வடிவான முன்பிறேக்கை முன்னதாகவே பூட்டுதல் வேண்டும்.

இத்தவறு எளியோர்க்கு மட்டும் உரியதன்று. செல்வம் மிக்க அமெரிக்காவில் 1964 ஆம் ஆண்டில் வெளிவந்த பொன்ரியாக் ஜி.ரி.ஓ. வண்டி 6.4 லீற்றர் இயந்திரமும் 325 குதிரைவலுவும் கொண்டிருந்தது. அதன் நான்கு சில்லுகளிலும் இருந்தவையோ உருளைப் பிறேக்குகளே. முன்சில்லுக்குத் தட்டுப் பிறேக்கு 1967 இலேயே, அதுவும் விரும்பிக் கேட்டார்க்கு மட்டும் கிடைத்தது. அவ்வண்டியைப் பேணுவோரும் இன்று பிறேக், சொக் அப்சோபர், ரயர் என்பவற்றையே திருத்துகின்றனர்.

ஆகவே, பழைய வண்டியைப் போற்றும் அன்பர்கள் திருத்துமிடத்திற்குச் செல்லும்போது, எவ்வளவு வேகம் போகும் எனக் கேளாது, எவ்வளவு தூரத்தில் நிற்கும் எனக் கேட்பாராக. வண்டியிற் செல்வோர் நம் பிள்ளைகள். தெருவோரம் பள்ளிக்கு நடந்து வருவோரும் நம் பிள்ளைகளே. விரைவை நிலைப்புக்குப் பின் வைத்தலே அறிவுடைமை என்பது எமது துணிபு.