பதினொன்றாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டிய காகித வேலை

பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்த பிறகுதான் புனேயில் பல வீடுகளில் சர்டிபிகேட்டைத் தேடவே ஆரம்பிக்கிறார்கள். அதற்குள் காலம் கடந்துவிடுகிறது. கட்டணச் சலுகைக்கும் உதவித்தொகைக்கும் இங்கே பஞ்சமில்லை. மார்க் இருந்தும், ஒரு காகிதம் உரிய நேரத்தில் கையில் இல்லாததால் அவற்றைப் பிள்ளைகள் இழக்கிறார்கள். கட்கி, தேஹு ரோடு, கேம்ப் பகுதிகளில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குச் சிக்கல் இன்னும் அதிகம்.

மகாராஷ்டிரத்தில் சாதிச் சான்றிதழ் மட்டும் போதாது. 2001இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, இட ஒதுக்கீட்டில் தொழிற்கல்விச் சேர்க்கை கேட்கும் மாணவர் சரிபார்ப்புக் குழு தரும் ‘வேலிடிட்டி’ சான்றிதழையும் காட்ட வேண்டும். அது கைக்கு வரப் பல மாதங்கள் ஆகலாம். எஸ்சி பிரிவு என்றால் 1950 ஆகஸ்ட் 10க்கு முன்பும், ஓபிசி என்றால் 1967 அக்டோபர் 13க்கு முன்பும் குடும்பம் இந்த மாநிலத்தில் குடியிருந்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். தாத்தா வெள்ளைக்காரன் காலத்திலேயே வந்தவர் என்று வாயால் சொன்னால் எடுபடாது. அவர் படித்த பள்ளியின் தாக்லா (சான்று), வேலை பார்த்த இடத்தின் சர்வீஸ் புக், பழைய பிறப்பு இறப்புப் பதிவு என்று எழுத்தில் ஏதாவது வேண்டும். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் கேள்வி வரும். தமிழ்ப் பெயர்களை மராத்தி எழுத்தர் ஒவ்வொரு பதிவேட்டிலும் ஒவ்வொரு விதமாக எழுதியிருப்பார். அதற்கான உறுதிமொழிப் பத்திரத்தையும் முன்கூட்டியே தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை பதினொன்றாம் வகுப்பில் இருக்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.

பிற்பாடு வந்த குடும்பங்களின் கதை வேறு. அரசமைப்புச் சட்டத்தின் 341ஆம் பிரிவுப்படி எஸ்சி பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் தனி. ஆந்திராவில் எஸ்டி பிரிவைச் சேர்ந்த ஒரு மாணவர் தந்தையின் வேலை காரணமாக மும்பைக்கு வந்து வளர்ந்து, மருத்துவப் படிப்பில் ஒதுக்கீடு கேட்டார். சொந்த மாநிலத்துத் தகுதி மகாராஷ்டிரத்துக்குத் தொடர்ந்து வராது என்று 1990இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. சாதி இழிவு மாநில எல்லையில் நின்றுவிடுவதில்லை. ஆனால் இன்றும் சட்டம் அதுதான். பலருக்குத் தெரியாத ஒரு வழி இருக்கிறது. எஸ்சி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையை, பிள்ளை எங்கே படித்தாலும், அவரது நிரந்தர இருப்பிடம் உள்ள மாநிலமே தர வேண்டும். குடும்பத்தின் நிரந்தர இருப்பிடம் இன்னும் தமிழ்நாடுதான் என்றால், புனேயில் படித்தாலும் தமிழ்நாடு அரசிடம் விண்ணப்பிக்கலாம். பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்ச ரூபாயைத் தாண்டக் கூடாது.

அடுத்த கண்ணி கல்லூரியின் கவுன்டரில் இருக்கிறது. “முதல்ல கட்டுங்க, ஸ்காலர்ஷிப் வந்ததும் திருப்பித் தரோம்” என்பார்கள். தகுதியுள்ள எஸ்சி மாணவரிடம் சேர்க்கையின்போதே கல்விக் கட்டணம் கேட்கக் கூடாது. இதற்காகவே ‘ஃப்ரீஷிப் கார்டு’ என்ற ஏற்பாடு மத்திய அரசின் வழிகாட்டுதலில் இருக்கிறது. அப்படியும் கேட்டால், எழுத்தில் தரச் சொல்லுங்கள். அந்தக் காகிதத்தோடு மாவட்டச் சமூக நல அலுவலகத்துக்குப் போங்கள். கடன் வாங்கிக் கட்டிவிட்டுப் பிறகு அலைவதைவிட இது மேல்.

2024-25 கல்வியாண்டு முதல், ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் உள்ள ஈடபிள்யூஎஸ், எஸ்இபிசி, ஓபிசி குடும்பத்துப் பெண்களுக்குத் தொழிற்படிப்புகளில் கல்விக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் முழுத் தள்ளுபடி. ஆனால் தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கும் சுயநிதிப் பல்கலைக்கழகங்களுக்கும் இது பொருந்தாது; மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தாலும் கிடைக்காது. புனேயில் விளம்பரப் பலகைகளில் பெரிதாகத் தெரியும் பெயர்கள் பலவும் இந்த இரு வகைதான். “சீட் உறுதி” என்று ஏஜென்ட் சொன்னதை நம்பி அரசின் மையச் சேர்க்கையான ‘கேப்’ ரவுண்டைத் தவறவிட்டால், நான்கு ஆண்டுக்கும் பணம் கட்ட வேண்டியதுதான்.

மாநில அரசின் உதவித்தொகைத் தளமான மகாடிபிடியில் விண்ணப்பித்ததோடு வேலை முடிந்துவிடுவதில்லை. விண்ணப்பம் முதலில் கல்லூரியின் லாகினுக்குத்தான் போகும். அங்கே சரிபார்த்து அனுப்பினால்தான் துறைக்கு நகரும். வாரம் ஒருமுறை ஸ்டேட்டஸைப் பாருங்கள். வங்கியில் “ஆதார் லிங்க் ஆகிவிட்டது” என்று சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். உதவித்தொகை வருவதற்குக் கணக்கு ஆதாருடன் ‘சீடிங்’ ஆகியிருக்க வேண்டும். ஒருவருக்கு ஒரு கணக்கில்தான் அது இருக்கும். பிள்ளையின் பெயரில் அம்மா எப்போதோ திறந்து மறந்துபோன கணக்கில் சீடிங் இருந்தால், பணம் அங்கே போய் விழும். விண்ணப்பத்தை ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கவும் வேண்டும். விண்ணப்பம் நகராமலே கிடந்தால், 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

கட்டணம் தள்ளுபடியானாலும் படிப்பை இடையில் நிறுத்த வைப்பவை சாப்பாடும் அறை வாடகையும்தான். வெளியூரிலிருந்து வந்து, அரசு விடுதியில் இடம் கிடைக்காத எஸ்சி, நவபௌத்த மாணவர்களுக்கு அம்பேத்கர் ஸ்வாதார் திட்டம் புனேயில் ஆண்டுக்கு 60,000 ரூபாய் வரை தருகிறது. எஸ்டி மாணவர்களுக்கு ஸ்வயம் திட்டம் இருக்கிறது. சாதி எதுவானாலும், கிராமத்து ஏழை மாணவர்களுக்காக அச்யுத்ராவ் ஆப்டே 1955இல் தொடங்கிய வித்யார்த்தி சகாய்யக் சமிதியின் விடுதிகள் இருக்கின்றன. சாவித்திரிபாய் ஃபுலே புனே பல்கலைக்கழகத்தில் ‘கமவா வ ஷிகா’ திட்டம் உண்டு: கல்லூரியிலேயே சில மணி நேரம் வேலை, அதற்குக் கூலி.

படிப்பை விடும் மாணவரின் ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ள யுஜிசி விதி அனுமதிப்பதில்லை. பாக்கியைக் காட்டி மிரட்டினாலும் இது பொருந்தும். புகாரைக் கல்லூரியின் மாணவர் குறைதீர்ப்புக் குழுவிடம் எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். 2023 விதிமுறைப்படி 15 வேலை நாளில் குழு முடிவு சொல்ல வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால் ஆம்புட்ஸ்மனிடம் மேல்முறையீடு செய்யலாம்.