இன்னொருக்கா பாப்பமா?

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கைகளின் தொடர்மாடி வீடுகள் சிலவற்றில், ஃபிரிட்ஜ் கதவுத் தட்டில் தயிர்ச் சட்டிக்குப் பின்னால் ஓர் ஊசிப் பேனை இருக்கும். மருந்து குளிரில் இருக்க வேண்டும். மாமி வந்து கதவைத் திறந்தால் கண்ணில் படவும் கூடாது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஒவ்வொரு நாளும் அதே நேரத்துக்கு, தொப்புளிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி ஊசி. நேற்று இடப்பக்கம் என்றால் இன்று வலப்பக்கம். பத்துப் பன்னிரண்டு நாள் இப்படிப் போனபின் மயக்க மருந்து கொடுத்து முட்டை எடுக்கிறார்கள். கரு உருவானதா இல்லையா என்று லேபிலிருந்து போன் வரும். கருவை வைத்த பின் இரண்டு கிழமை காத்திருப்பு, அதற்குப் பிறகு ஓர் இரத்தப் பரிசோதனை. 'இல்லை' என்று முடிவு வந்த அன்று, அழுது ஓய்ந்தபின், இருவரில் ஒருவர் கேட்பார்: "இன்னொருக்கா பாப்பமா?"

முப்பத்திரண்டு வயதில் இதற்கு 'ஓம்' என்று சொல்வது எளிது; பெரும்பாலும் அதுதான் சரியும். நாற்பத்து மூன்றில் அதே 'ஓம்' அவ்வளவு எளிதல்ல. ஆனால் 'போதும்' என்று எடுத்துக்கொடுக்கத்தான் ஆளில்லை. டொக்டரிடம் போனால், வாய்ப்புக் குறைவு, ஆனாலும் முயன்று பார்க்கலாம் என்பார். அவர் பொய் சொல்லவில்லை; வாய்ப்புக் குறைவு என்பதைவிட முயன்று பார்க்கலாம் என்பதுதான் நம் காதில் விழுகிறது. உறவினர் யாரோ ஒருத்திக்கு நாற்பத்தைந்தில் கிடைத்த கதையைக் கொண்டு வருவார்கள். அம்மனுக்கு வைத்த நேர்த்தியும், கொச்சிக்கடை அந்தோனியாருக்குச் செவ்வாய்க்கிழமைகளில் ஏற்றும் மெழுகுதிரியும் நம்பிக்கையைத்தான் வளர்க்கும். ஆகவே நிறுத்துவது என்ற முடிவை அந்த இருவரும்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. அதைச் சிகிச்சை தோற்ற அன்று இரவு எடுக்கக்கூடாது. அடுத்த தடவை தொடங்குவதற்கு முன்பே, மனம் தெளிந்திருக்கும் நாளொன்றில் பேசி வைக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் வற்புறுத்த நினைப்பது அதைத்தான்.

இவ்வளவு பிந்தி ஏன் வருகிறார்கள் என்று கேட்கும் வாய்கள் நம்மிடையே நிறைய. கேட்பவர்கள் கொஞ்சம் கணக்குப் பார்க்கட்டும். 1982இல் வடக்கில் பிறந்த ஒரு பெண் பிறந்த மறு ஆண்டே போர் தொடங்கிவிட்டது. 2009 மே மாதம் அது முடிந்தபோது அவளுக்கு 27 வயது. படிப்பு இடம்பெயர்வுகளுக்கு நடுவே முறிந்து முறிந்து நடந்தது. பிறகு தமக்கையின் சீதனம், தம்பியை வெளிநாட்டுக்கு அனுப்ப வாங்கிய கடன். ஒருவழியாகக் கனடாவிலோ லண்டனிலோ சம்பந்தம் பொருந்தினால் ஸ்பொன்சருக்கும் விசாவுக்கும் காத்திருப்பு. சில வேளை அந்தச் சம்பந்தமே முறிவு. முப்பத்தெட்டில் கழுத்தில் தாலி ஏறுகிறது. ஆறு மாதம் கழியவில்லை, "ஏதும் விசேஷமோ?" என்று கேட்கத் தொடங்குகிறார்கள். அவள் பிந்தி வரவில்லை. நாம் எல்லோரும் சேர்ந்து அவளைப் பிந்த வைத்தோம்.

கேள்வி அவளிடம் மட்டும் போவதும் அநியாயம். உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட அறிக்கை, வாழ்நாளில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர் குழந்தையின்மையை எதிர்கொள்கிறார் என்கிறது. அதில் ஆண் பக்கக் காரணமும் பெரும் பங்கு. ஒற்றை விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தும் இக்சி முறை 1992இல் பிரசெல்ஸில் வெற்றி கண்டதிலிருந்து பல ஆண்களின் குறைக்கு வழி இருக்கிறது. ஆனாலும் மனைவிக்கு எல்லாச் சோதனையும் முடிந்து, ஒரு வருடம் மாத்திரை விழுங்கிய பிறகுதான் கணவன் தன் பரிசோதனைக்குப் போகிறார். நாற்பதுகளில் ஒரு வருடம் என்பது பெரிய இழப்பு.

ஏன் பெரிது என்பதற்கு உடலின் கணக்கைப் பார்க்க வேண்டும். பெண் குழந்தை பிறக்கும்போதே பத்து இலட்சத்திலிருந்து இருபது இலட்சம் வரை முட்டைகளோடு பிறக்கிறது. பூப்பெய்தும்போது எஞ்சுவது மூன்று, நாலு இலட்சம். புதிதாக ஒன்றும் உருவாவதில்லை. எண்ணிக்கை குறைவதைவிட, எஞ்சிய முட்டைகளுக்கும் வயதாகிவிடுவதுதான் சிக்கல். நாற்பது வயது முட்டை நாற்பது வருடம் காத்திருந்த முட்டை. அது முதிரும்போது நிறமூர்த்தங்களைச் சரிபாதியாகப் பிரிப்பதில் தவறுகள் கூடுகின்றன. நாற்பதைத் தாண்டியவர்களின் கருக்களில் பாதிக்கு மேல் இப்படி நிறமூர்த்தக் குறைபாட்டோடு இருக்கின்றன. நாற்பத்து நாலு, ஐந்தில் பெரும்பாலானவை அப்படித்தான். அவற்றில் அநேகமானவை கருப்பையில் ஒட்டுவதில்லை. ஒட்டியவற்றிலும் பல கலைந்து போகின்றன. ஏ.எம்.எச். என்ற இரத்தப் பரிசோதனை எத்தனை முட்டை மிச்சம் என்பதை ஓரளவு காட்டும். அவை எப்படிப்பட்டவை என்பதைக் காட்டாது. 'எனக்கு ஏ.எம்.எச். நல்லாத்தான் இருக்கு' என்று நாற்பத்து நாலு வயதில் ஆறுதல் கொள்பவர்களுக்கு இதை யாராவது பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

உடலுக்கு வெளியே கருவை உருவாக்கும் இந்த ஐவிஎஃப் வயதை வெல்வதற்காக வந்த முறையே அல்ல. 1978 ஜூலை 25ஆம் திகதி இங்கிலாந்தின் ஓல்டமில் உலகின் முதல் ஐவிஎஃப் குழந்தையான லூயிஸ் பிரவுன் பிறந்தபோது அவருடைய தாய் லெஸ்லிக்கு 30 வயது. அவருக்குக் கருக்குழாய் அடைப்பு, முட்டையில் பழுதில்லை. அடைபட்ட பாதையைச் சுற்றிக்கொண்டு போக ரொபர்ட் எட்வர்ட்ஸ், பட்ரிக் ஸ்டெப்டோ, ஜீன் பர்டி மூவரும் கண்டுபிடித்த வழி அது. முட்டையின் வயதைப் பின்னோக்கித் திருப்பும் வழி இன்றுவரை கிடையாது.

எண்களையும் சொல்லிவிடுகிறேன். பிரித்தானியாவில் இந்தச் சிகிச்சையைக் கண்காணிக்கும் அமைப்பு, எல்லா நிலையங்களின் முடிவுகளையும் திரட்டி வெளியிடுகிறது. 2019இல் சொந்த முட்டையால் உருவாகிக் கருப்பையில் வைக்கப்பட்ட கருக்களில், குழந்தையாகப் பிறந்தவை 35 வயதுக்குக் கீழ் நூற்றுக்கு 32. 40 முதல் 42 வரை 11. 43, 44 வயதில் 5. இவை வைக்கப்பட்ட கருக்களின் கணக்கு. முட்டையே கிடைக்காமல் நின்றுபோனவையும், கரு உருவாகாமல் முடிந்தவையும் இதில் சேரவில்லை. இங்கிலாந்தின் 2013 வழிகாட்டி நெறி, 40க்குக் கீழே மூன்று முழுத் தடவைகளைப் பரிந்துரைத்தது. 40 முதல் 42 வரை, முன்பு ஐவிஎஃப் செய்யாத, முட்டை இருப்புக் குறையாத பெண்ணுக்கு ஒரே ஒரு தடவை. 43இலிருந்து பரிந்துரை இல்லை. அரசு செலவு செய்யும் நாட்டில் போட்ட கோடு அது; சொந்தக் காசில் செய்பவரை அது கட்டுப்படுத்தாது. ஆனால் அந்தக் கோட்டை அங்கே ஏன் போட்டார்கள் என்பது நம் வீட்டுக் கணக்குக்கும் பொருந்தும்.

கொழும்பில் சனல் பண்ணி வைத்தியரைப் பார்க்கப் போகும்போது, 'உங்கட வெற்றி வீதம் என்ன?' என்று பொதுவாகக் கேட்டுவிட்டு வராதீர்கள். என் வயதில், என் சொந்த முட்டையில், இந்த நிலையத்தில் எத்தனை பேர் குழந்தையை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள் என்று கேளுங்கள். 'கர்ப்பம் தங்கியவர்கள்' என்ற எண் வேறு, பிறந்த குழந்தை வேறு. போன தடவை எத்தனை முட்டை, எத்தனை கரு, எது பிழைத்தது, அடுத்த தடவை எதை மாற்றப் போகிறோம், மாற்ற ஒன்றும் இல்லையென்றால் ஏன் செய்கிறோம் என்றும் கேளுங்கள். கூடுதலாக இன்ன ஊசி, இன்ன சிகிச்சை என்று பில்லில் ஏறுபவற்றுக்கும் இதே கேள்விதான். அவற்றில் பல, குழந்தை பிறக்கும் வாய்ப்பைக் கூட்டுகின்றன என்பதற்குப் போதிய சான்று இல்லாதவை.

அரசாங்க வைத்தியசாலைகளில் ஆலோசனையும் ஆரம்பச் சோதனைகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஐவிஎஃப் என்ற படிக்கு வந்ததும் பெரும்பாலானோர் தனியாரிடம்தான் போக வேண்டியிருக்கிறது. ஒரு தடவைக்கே இலட்சக் கணக்கு. ஊசி மருந்து இறக்குமதி. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டிய நாட்களில், பாதிச் சிகிச்சையில் நின்றவர்கள் என்ன பாடு பட்டார்கள் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி. மனைவி ஆசிரியை, கணவனுக்குப் புறக்கோட்டையில் ஒரு கடையில் கணக்கெழுதும் வேலை. பல வருடம் ஊசியும் ஸ்கானுமாகப் போன பிறகு, இருவருக்கும் பழக்கமான குடும்ப வைத்தியர் ஒருவர் மனைவியையும் கணவனையும் தனித்தனியே அழைத்துக் கதைத்தார். மனைவி சொன்னார்: "எனக்கு ஏலாது டொக்டர். ஆனா அவர் ஆசையா இருக்கிறார், நான் எப்பிடி நிப்பாட்டுறது?" கணவன் சொன்னது: "அவ படுற பாட்டைப் பாக்கேலாது. நான் வேண்டாம் எண்டா, எனக்குப் பிள்ளையில அக்கறையில்லை எண்டு நினைப்பா." இருவரும் மற்றவருக்காகவே அந்த ஊசியைத் தொடர்ந்து போட்டுக்கொண்டிருந்தார்கள். அன்றிரவு சாப்பாட்டு மேசையில் ஒரு சி.ஆர். கொப்பியைத் திறந்தார்கள். ஒரு பக்கத்தில் இதுவரை போன காசு. மறுபக்கத்தில் மிச்சம்: வங்கியில் இருப்பது, சீட்டுக் காசு, கணவனின் சேமலாப நிதி, நகை. "இஞ்சரும், தாலிக்கொடி அடகுக்குப் போகாது. அதை முதல்ல எழுதும்" என்றார் கணவன். அதற்குக் கீழே, இன்னும் ஒரு தடவை, அதுவும் மனைவியின் அடுத்த பிறந்தநாளுக்கு முன், கடன் வாங்காமல் என்று எழுதினார்கள். கடைசித் தடவையும் கைகூடவில்லை. அழுதார்கள். ஆனால் அன்றிரவு 'இன்னொருக்கா' என்ற கேள்வி எழவில்லை. அதற்கான பதில் கொப்பியில் இருந்தது.

பணமும் மனமும் தாங்கினாலும் உடலையும் எண்ண வேண்டும். நாற்பதுகளில் கர்ப்பம் தங்கினால் இரத்த அழுத்தம், நீரிழிவு, சிசேரியன் எல்லாவற்றின் சாத்தியமும் கூடுகிறது. டவுன் சிண்ட்ரோமோடு பிறக்கும் வாய்ப்பு 40 வயதுத் தாய்க்கு ஏறக்குறைய நூற்றில் ஒன்று, 45இல் முப்பதில் ஒன்று. இங்கே நம் நாட்டுச் சட்டத்தையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை தாயின் உயிரைக் காப்பதற்காக அன்றி வேறெதற்கும் கருக்கலைப்பை அனுமதிப்பதில்லை. பிழைக்கவே முடியாத குறைபாடு ஸ்கானில் தெரிந்தாலும் சட்டம் அதுதான். இதைக் கர்ப்பம் தங்கியபின் தெரிந்துகொள்வது கொடுமை. முதலே கதைக்க வேண்டிய விடயம்.

தானமாகப் பெற்ற முட்டையை எடுத்தால் கணக்கு மாறிவிடும். முட்டை கொடுப்பவரின் வயதே அங்கு எண்ணப்படுவதால், நாற்பதுகளில் உள்ளவருக்கும் வைக்கப்படும் கருவுக்கு நூற்றுக்கு முப்பதை ஒட்டிய வாய்ப்பு இருக்கிறது. நாற்பத்தெட்டில் இரட்டைக் குழந்தை என்று படத்தோடு வரும் செய்திகளில் பெரும்பாலும் சொல்லாமல் விடப்படுவது இதுதான். அந்த மௌனத்தை நம்பி வெள்ளவத்தையில் ஒருத்தி சொந்த முட்டைக்காக வயிற்றில் குத்திக்கொண்டிருக்கிறாள் என்பதை நினைக்கையில் எனக்குக் கோபம் வருகிறது. தானமுட்டைக்காகச் சென்னைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். இந்தியாவின் 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி சிகிச்சை பெறும் பெண் 50 வயதுக்கும் ஆண் 55 வயதுக்கும் உட்பட்டிருக்க வேண்டும். முட்டை கொடுப்பவர் 23 முதல் 35 வயதுக்குள், வாழ்நாளில் ஒரே முறைதான் கொடுக்கலாம். 'எங்கட இரத்தம் இல்லையே' என்ற எண்ணம் வந்தால் அதை அடக்கிக்கொண்டு போகக்கூடாது. அந்த எண்ணத்தோடு ஆறு மாதம் இருந்து பார்த்து, அது கரைகிறதா தடிக்கிறதா என்று தெரிந்தபின் முடிவெடுக்கலாம். தானமுட்டையில் அந்த ஆறு மாதம் போனால் பெரிய நட்டமில்லை.

நிறுத்தியவர்கள் வெறுங்கையோடு திரும்பியவர்கள் அல்லர். இங்கிலாந்தில் ஜெசிக்கா ஹெப்பர்ன் 11 தடவை ஐவிஎஃப் செய்து குழந்தையில்லாமல் நின்றவர். 2015இல் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். எல்லாரும் கால்வாய் நீந்த வேண்டியதில்லை. நிறுத்திய பெண்ணுக்கு முதலில் வேண்டியது துக்கம் காக்க ஒரு கொஞ்ச நாள். பிறக்காத பிள்ளைக்கு நம்மிடம் எட்டும் இல்லை, முப்பத்தொன்றும் இல்லை. அதனாலேயே அந்தத் துக்கத்தை ஒருவரும் கணக்கில் எடுப்பதில்லை. அந்த நாட்களில் 'இன்னொரு நல்ல டொக்டர் இருக்கிறார்' என்று நம்பர் அனுப்பாமல் இருப்பதே பெரிய உதவி.

தத்தெடுப்பு நல்ல வழிதான். தோற்ற சிகிச்சைக்கு ஆறுதல் பரிசாக மட்டும் அதை நீட்டக்கூடாது. இலங்கையின் 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கத் தத்தெடுப்புக் கட்டளைச் சட்டம், தத்தெடுப்பவர் 25 வயதுக்குக் குறையாதவராகவும் பிள்ளையைவிட 21 வயதாவது மூத்தவராகவும் இருக்க வேண்டும் என்கிறது. நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களம் வழியாக நீதிமன்றம் கட்டளை வழங்கும். நேரமெடுக்கும். 'பிறத்தியார் பிள்ளை' என்று முகம் சுளிக்கும் பெரியவர்களுக்கு ஒன்று சொல்லலாம். 1707இல் ஒல்லாந்தர் ஆட்சியில் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையிலேயே தத்தெடுப்பு உண்டு. அந்தக் காலத்தில் பிள்ளையில்லாத தம்பதி சகோதரங்களின் சம்மதத்தைக் கேட்பார்கள். சொத்துக்கு உரித்தாகக் கூடிய அந்தச் சகோதரங்கள் மஞ்சள் தண்ணீரில் விரல் தோய்த்துச் சம்மதம் காட்ட, தம்பதி அதைக் குடிப்பார்கள். அந்தப் பிள்ளை அன்றிலிருந்து வாரிசு.

நிறுத்தியபின்னும் முடியாத விடயம் ஒன்று பலருக்கு இருக்கிறது: உறைநிலையில் வைத்த கருக்கள். வருடா வருடம் கட்டணம் கட்டச் சொல்லி நிலையத்திலிருந்து நினைவூட்டல் வரும். வைத்திருப்பதா, விடுவதா என்பதற்கு இருவரின் கையெழுத்தும் வேண்டும். சிகிச்சை தொடங்கும் நாளில் நீட்டப்படும் பத்துப் பதினைந்து பக்கப் படிவங்களில் இதற்கும் ஒரு பகுதி இருக்கும். அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிடாமல் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து வாசியுங்கள். விளங்காவிட்டால் தமிழில் விளக்கச் சொல்லிக் கேளுங்கள். பிரிந்தால் என்ன, ஒருவர் இல்லாமல் போனால் என்ன என்ற வரிகளையும் விடாமல்.