இணைய விளையாட்டும் தீச்சுவரும்

இணையத்தின் வழியே பிறரோடு சேர்ந்து கணிப்பொறியில் விளையாடுவோர் அடிக்கடி ஒரு தொல்லையைச் சந்திக்கிறார்கள். எதிராளியைக் குறிபார்த்துச் சுடுகிறோம். ஆனால் அவன் அங்கே இல்லை, இரண்டடி தள்ளி நின்று நம்மைச் சுட்டுவிட்டான் என்று திரை சொல்கிறது. ஓடிக்கொண்டிருந்த உருவம் திடீரென்று பின்னுக்கு இழுக்கப்படுகிறது. இளைஞர்கள் இதை ‘லேக்’ என்பார்கள். நாம் தாமதம் என்று சொல்லலாம். இதற்கு நண்பர்கள் வட்டாரத்தில் கிடைக்கும் வைத்தியம் ஒன்றே: ‘ஃபயர்வாலை அணைத்துவிடு, ஆன்ட்டிவைரஸை நிறுத்திவிடு.’ என் மாணவர்களில் சிலர் இதைச் செய்திருக்கிறார்கள். அணைத்தபின் ஆட்டம் சீரானதா என்று கேட்டால், ‘கொஞ்சம் பரவாயில்லை சார்’ என்கிறார்கள். எத்தனை மில்லி விநாடி குறைந்தது என்று கேட்டால் விடை இல்லை. அளந்து பார்க்காத வைத்தியத்தை இயற்பியல் படிப்பவர்கள் நம்பலாமா?

கட்டிடத்தின் ஒரு பகுதியில் பிடித்த தீ அடுத்த பகுதிக்குப் பரவாமலிருக்க எழுப்பும் கனத்த சுவருக்கு ஆங்கிலத்தில் ‘ஃபயர்வால்’ என்று பெயர். அந்தப் பெயரையே கணிப்பொறித் துறையினர் எடுத்துக்கொண்டனர். நாம் தீச்சுவர் என்போம். வலைப்பின்னலிலிருந்து வரும் செய்திகளில் எதை உள்ளே விடுவது, எதைத் தடுப்பது என்று தீர்மானிப்பது இதன் வேலை. வைரஸ் எதிர்ப்பு மென்பொருளோ வட்டிலுள்ள கோப்புகளையும் இயங்கும் நிரல்களையும் சோதிப்பது. ஒன்று வாயிற்காவலர், மற்றொன்று வீட்டுக்குள் சுற்றிவரும் காவலர். இவ்விருவரையும் ஒருவராக எண்ணிக்கொள்வதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

பொட்டலங்களின் பயணம்

விளையாட்டின்போது நம் கணிப்பொறிக்கும் தொலைவிலுள்ள விளையாட்டு நிறுவனத்தின் சேவைக் கணிப்பொறிக்கும், அதாவது சர்வருக்கும், இடையே செய்திகள் சிறு சிறு பொட்டலங்களாகப் போய்வருகின்றன. ஒவ்வொரு பொட்டலத்தின் மீதும் அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி ஆகியவற்றோடு ‘போர்ட்’ எனப்படும் ஓர் எண்ணும் எழுதப்பட்டிருக்கும். ஒரே கட்டிடத்தில் பல குடித்தனங்கள் இருந்தால் முகவரியோடு கதவு எண்ணும் வேண்டுமல்லவா? அதைப்போலவே, ஒரே கணிப்பொறியில் இயங்கும் பல நிரல்களில் எதற்கு இந்தப் பொட்டலம் உரியது என்பதை இவ்வெண் காட்டும். 65,535 வரை கதவு எண்கள் உண்டு. மைன்கிராஃப்டின் ஜாவா பதிப்பு வழக்கமாக 25565ஆம் கதவில் காத்திருக்கும். கவுண்டர்-ஸ்டிரைக் சர்வர் 27015இல் காத்திருக்கும்.

பொட்டலங்களை அனுப்பும் முறைகளில் இரண்டு முக்கியமானவை. ‘டி.சி.பி.’ என்பது ஒப்புகை அட்டையுடன் கூடிய பதிவுத் தபால் போன்றது. ஒன்று தொலைந்தால் மறுபடி அனுப்பப்படும். அது வந்து சேரும்வரை பின்னால் வந்தவை காத்திருக்கும். 1980இல் வரையறுக்கப்பட்ட ‘யு.டி.பி.’ சாதாரண அஞ்சலட்டை போன்றது. சேர்ந்ததா இல்லையா என்று கேட்பதில்லை. விரைவு தேவைப்படும் துப்பாக்கிச் சண்டை ஆட்டங்கள் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் கையாளுகின்றன. எதிராளி அரை விநாடிக்கு முன் எங்கே நின்றான் என்ற செய்தி தாமதித்து வந்து யாருக்குப் பயன்? தொலைந்தது தொலையட்டும், புதியது வந்தால் போதும் என்பதே இதன் தத்துவம்.

தாமதம் எங்கே பிறக்கிறது?

இப்போது கணக்குக்கு வருவோம். சென்னையிலிருக்கும் ஒருவர் சிங்கப்பூரிலுள்ள சர்வரில் விளையாடுகிறார் என்று கொள்வோம். இடைத்தொலைவு ஏறக்குறைய 3,000 கி.மீ. கடலடிக் கம்பியின் ஒளியிழைகளில் செய்தி ஒளியாகவே செல்கிறது. ஆனால் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5 ஆகையால் அங்கே ஒளியின் வேகம் விநாடிக்கு 3 லட்சம் கி.மீ. அன்று, 2 லட்சம் கி.மீ.தான். போக 15 மில்லி விநாடி, வர 15. மொத்தம் 30 மில்லி விநாடி. இதை எந்த மென்பொருளாலும் குறைக்க இயலாது.

அடுத்து, சர்வர் உலகத்தைத் தொடர்ச்சியாகப் பார்ப்பதில்லை. திரைப்படச் சட்டங்களைப் போல வெட்டி வெட்டிப் பார்க்கிறது. கவுண்டர்-ஸ்டிரைக் 2 சர்வர் விநாடிக்கு 64 முறை நிலவரத்தைப் புதுப்பிக்கிறது. ஆக, ஒரு புதுப்பிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே 15.6 மில்லி விநாடி.

மிகப் பெரிய குற்றவாளி வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறான். அதுதான் வரிசை. நம் வீட்டு இணைப்பின் மேலேற்றும் வேகம் விநாடிக்கு 10 மெகாபிட் என்போம். 1,500 பைட் கொண்ட முழுப் பொட்டலம் ஒன்றில் 12,000 பிட் உண்டு. அதை அனுப்ப 1.2 மில்லி விநாடி ஆகும். அண்ணன் விளையாடும் நேரத்தில் தங்கை தன் கைப்பேசியிலிருந்து ஒரு வீடியோவை மேலேற்றுகிறாள். ரூட்டரில் அவளுடைய பொட்டலங்கள் நூறு முன்னால் நிற்கின்றன. அண்ணனின் சின்னஞ்சிறு பொட்டலம் ரேஷன் கடை வரிசையில் நிற்பதுபோல 120 மில்லி விநாடி நின்றாக வேண்டும். சிங்கப்பூருக்குப் போய்த் திரும்புவதற்கு ஆகும் நேரத்தைப்போல் நான்கு மடங்கு, வீட்டுக் கூடத்திலேயே கழிந்துவிடுகிறது!

இவற்றோடு தீச்சுவரை ஒப்பிடுங்கள். பொட்டலத்தின் மேலுள்ள முகவரிகளையும் கதவு எண்ணையும் பட்டியலோடு ஒப்பிட்டு, ‘போகலாம்’ அல்லது ‘கூடாது’ என்று சொல்ல இன்றைய கணிப்பொறிக்கு ஒரு மில்லி விநாடியில் மிகச்சிறு பின்னமே போதும். மேலும், தீச்சுவர் எதையும் பாதி வேகத்தில் விடுவதில்லை. விடும், அல்லது தடுக்கும். ஆகவே சர்வரோடு இணையவே முடியவில்லை, நண்பரின் குரல் மட்டும் கேட்கவில்லை, நாம் தொடங்கிய ஆட்டத்துக்குள் பிறர் வர முடியவில்லை என்பன போன்றவற்றுக்குத்தான் அதைச் சந்தேகிக்கலாம். இணைந்து ஆடிக்கொண்டிருக்கையில் ஏற்படும் தடுமாற்றத்துக்கு வேறு காரணம் தேட வேண்டும்.

நேயர்கள் இதை வீட்டிலேயே சோதிக்கலாம். விண்டோஸின் கட்டளைச் சாளரத்தைத் திறந்து ‘பிங்’ என்ற கட்டளையோடு முதலில் ரூட்டரின் முகவரியை (பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும்) கொடுத்து அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். கம்பியால் இணைத்திருந்தால் 1 மில்லி விநாடிக்குள் விடை வர வேண்டும். வைஃபையில் இது 5, 40, 3, 90 என்று தாறுமாறாக வந்தால் தொல்லை உங்கள் அறைக்குள்ளேயே இருக்கிறது. ஒரு கம்பி வாங்கிப் போடுவது எல்லா மென்பொருள் வைத்தியத்தையும் விட மேல். பிறகு வெளியிலுள்ள ஒரு முகவரிக்கு அளந்து பாருங்கள். வீட்டில் யாரேனும் வீடியோ மேலேற்றும்போது ஒருமுறை, ஏற்றாதபோது ஒருமுறை. அடுத்து தீச்சுவர் இயங்கும்போதே எடுத்த அளவுகளை, ஓரிரு நிமிடம் மட்டும் அணைத்து எடுத்த அளவுகளோடு ஒப்பிடுங்கள். உடனே மறுபடி இயக்கிவிடுங்கள். வேறுபாடு தெரிந்தால் எனக்கு வியப்பாக இருக்கும்.

வரிசையே காரணம் என்று தெரிந்தால் மருந்து ரூட்டரில் உண்டு. சில ரூட்டர்களில் ‘க்யூ.ஓ.எஸ்.’ அல்லது ‘எஸ்.க்யூ.எம்.’ என்ற அமைப்பு இருக்கும். மேலேற்றும் வேகத்தை உண்மையான வேகத்தைவிடச் சற்றுக் குறைத்து அதில் எழுதினால், நீண்ட வரிசை உருவாவதே தடுக்கப்படும்.

இடைவேளைச் சீட்டு

தீச்சுவரைக் குறித்து இன்னொரு தவறான எண்ணம், ஒவ்வொரு விளையாட்டுக்கும் அதில் ஓட்டை போட வேண்டும் என்பது. திரையரங்கில் இடைவேளையில் வெளியே போகிறவருக்கு வாயிற்காவலர் ஒரு சீட்டுக் கொடுப்பார். அதைக் காட்டி அவர் மறுபடி உள்ளே வரலாம். புதிதாக வருகிறவரிடம் அச்சீட்டு இராது. இன்றைய தீச்சுவரும் அப்படியே இயங்குகிறது. நம் விளையாட்டு முதலில் சர்வருக்கு ஒரு பொட்டலம் அனுப்புகிறது. எந்தக் கதவிலிருந்து எந்த முகவரிக்கு அது போனது என்பதைத் தீச்சுவர் குறித்து வைக்கிறது. அங்கிருந்து வரும் விடை அக்குறிப்போடு பொருந்தினால் உள்ளே விடுகிறது. சிறிது நேரம் போக்குவரத்து இல்லாவிட்டால் குறிப்பு அழிக்கப்படும். ஆட்டத்தின்போது பொட்டலங்கள் இடைவிடாது ஓடுவதால் அந்தச் சிக்கல் எழுவதில்லை. விண்டோஸின் தீச்சுவர், நாமாக மாற்றாதவரை, வெளியே செல்வதை அனுமதித்து, அழையாது உள்ளே வருவதைத் தடுக்கிறது. எனவே நிறுவனத்தின் சர்வரில் சேர்ந்து விளையாடுவோர் பெரும்பாலும் எதையும் மாற்றத் தேவையில்லை.

ஆயினும் ஓரிடத்தில் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். புதிய விளையாட்டு ஒன்று முதன்முறை வெளியிலிருந்து வரும் தொடர்புக்குக் காத்திருக்க முனையும்போது, ‘இதை அனுமதிக்கலாமா?’ என்று விண்டோஸ் கேட்கும். ஆட்டத்தில் நுழையும் அவசரத்தில் ‘கேன்சல்’ என்று அழுத்திவிட்டால், அந்நிரலைத் தடுக்கும் விதிகளைத் தீச்சுவர் எழுதி வைத்துக்கொள்ளும். பிறகு நாம் எத்தனை அனுமதி விதிகள் சேர்த்தாலும் பயனில்லை. தடை விதிக்கும் அனுமதி விதிக்கும் மோதல் வந்தால் தடையே வெல்லும். இதை அறியாதவர்கள்தாம் அலுத்துப்போய்ச் சுவரையே அணைத்துவிடுகிறார்கள். செய்ய வேண்டியது எளிது. ‘விண்டோஸ் செக்யூரிட்டி’யில் தீச்சுவர்ப் பகுதிக்குச் சென்று, ‘அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்’ வழியாக உள்வரும் விதிகளைத் திறந்து, அந்த விளையாட்டின் பெயரில் சிவப்புத் தடைக்குறியோடு இருப்பவற்றை நீக்குங்கள். பின்னர் அந்நிரலை மட்டும், ‘பிரைவேட்’ வலைப்பின்னலுக்கு மட்டும் அனுமதியுங்கள். வீட்டு இணைப்பு ‘பிரைவேட்’ என்றும், கல்லூரி விடுதி, ரயில் நிலையம் போன்றவை ‘பப்ளிக்’ என்றும் குறிக்கப்பட்டிருப்பது நலம்.

சுவரை நிரந்தரமாகச் சாய்த்தால் என்ன நேரும் என்பதற்கு வரலாறு உண்டு. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்.பி.யிலேயே ஒரு தீச்சுவர் இருந்தது; ஆனால் அணைக்கப்பட்ட நிலையில் விற்கப்பட்டது. 2003 ஆகஸ்டில் ‘பிளாஸ்டர்’ என்ற புழு 135ஆம் கதவு வழியே நுழைந்தது. யாரும் எதையும் அழுத்த வேண்டியதில்லை. இணையத்தோடு இணைத்திருந்தாலே போதும். 2004 ஆகஸ்டில் வந்த இரண்டாம் திருத்தத் தொகுப்பில்தான் தீச்சுவர் தானாகவே இயங்கும்படி அமைக்கப்பட்டது. இன்னும் விந்தையானது 2003 ஜனவரி 25இல் பரவிய ‘ஸ்லாமர்’. அதன் முழு உடலும் 376 பைட்தான். நம் விளையாட்டு பயன்படுத்தும் அதே யு.டி.பி. முறையில் ஒற்றைப் பொட்டலமாக 1434ஆம் கதவுக்கு வந்தது. மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருள் இருந்த சுமார் 75,000 கணிப்பொறிகளை அது பிடித்தது. அவற்றில் பெரும்பாலானவை பத்தே நிமிடங்களில் வீழ்ந்தன. அதற்கான திருத்தம் ஆறு மாதத்துக்கு முன்பே வெளியாகியிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வீட்டு ரூட்டர் ஒரு வேலியாக நிற்பதால், உள்ளே சுவரை அணைத்தவருக்கும் பல நாள் ஒன்றும் நேராமல் போகலாம். மடிக்கணினியை விடுதிக்கு எடுத்துச் செல்லும் நாளில் அந்த வேலி உடன் வராது. அங்கே ஒரே வலைப்பின்னலில் நூறு பேர் இருப்பார்கள்.

உள்ளே சுற்றும் காவலர்

வைரஸ் எதிர்ப்பு மென்பொருளின் மீதான புகாரில் சிறிது உண்மை உண்டு. ஆட்டத்தின் நடுவில் புதிய நிலப்பரப்பு வரும்போது விளையாட்டு பெரிய கோப்புகளை வட்டிலிருந்து படிக்கிறது. கோப்பு திறக்கும்போதெல்லாம் காவலரும் எட்டிப் பார்க்கிறார். பழைய சுழல்வட்டு உள்ள கணிப்பொறியில் இந்தப் போட்டியால் படம் விக்கும். முழுச் சோதனை வேறு அதே நேரத்தில் ஓடினால் கேட்கவே வேண்டாம். இதை வலைத் தாமதத்திலிருந்து பிரித்தறிவது எளிது: திரை ஓரத்தில் காட்டப்படும் ‘பிங்’ எண் மாறாமல் படம் மட்டும் விக்கினால் தொல்லை கணிப்பொறிக்குள்; எண்ணே எகிறினால் தொல்லை வழியில்.

உள்ளே என்றால், முழுச் சோதனையின் நேரத்தை விளையாடாத பொழுதுக்கு மாற்றுங்கள். இரண்டு வைரஸ் எதிர்ப்பு மென்பொருள்களை ஒருங்கே இயக்காதீர்கள். அப்போதும் குறையாவிட்டால், முறையாக வாங்கிய அந்த ஒரு விளையாட்டின் கோப்புறையை மட்டும் ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ பட்டியலில் சேர்க்கலாம். முழு வட்டையோ, ‘டவுன்லோட்ஸ்’ கோப்புறையையோ சேர்ப்பது திருடனுக்குத் தனி அறை ஒதுக்குவதாகும்.

‘கிராக்’, ‘சீட்’ என்ற பெயர்களில் கிடைக்கும் கோப்புகளின் முதற்குறிப்பே ‘ஆன்ட்டிவைரஸை அணைக்கவும்’ என்றிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். உள்ளே இருப்பது பிடிபடும் என்பது எழுதியவருக்குத் தெரியும். இத்தகையவற்றில் ஒளிந்துவரும் நிரல்கள் உலவியில் சேமித்த கடவுச்சொற்களையும், நுழைவு அடையாளங்களையும் அள்ளி வெளியே அனுப்பிவிடும். ஆண்டுக்கணக்கில் சேர்த்த விளையாட்டுக் கணக்கோடு மின்னஞ்சலும் பறிபோகும். வெளியே செல்வதைத் தீச்சுவர் வழக்கமாகத் தடுப்பதில்லை என்று மேலே கண்டோம். ஆகவே இங்கே உள்ளே சுற்றும் காவலர்தான் துணை. 2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிந்துவிட்டதால், அதில் விளையாடுவோர் இதில் இருமடங்கு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

நாமே சர்வர் ஆனால்

நம் கணிப்பொறியிலேயே மைன்கிராஃப்ட் சர்வரை இயக்கி நண்பர்களை அழைப்பதாக இருந்தால் நிலைமை மாறுகிறது. அப்போது சீட்டு இல்லாதவர்களை உள்ளே விட்டாக வேண்டும். கணிப்பொறியின் தீச்சுவரில் சர்வர் நிரலுக்கு அனுமதி, ரூட்டரில் 25565ஆம் கதவுக்கு வருவதை நம் கணிப்பொறிக்குத் திருப்பும் ‘போர்ட் ஃபார்வர்டிங்’, இவ்விரண்டும் வேண்டும். ‘டி.எம்.இசட்.’ என்ற வசதியைத் தொட வேண்டாம். அது எல்லாக் கதவுகளையும் திறந்துவிடும். ‘யூபிஎன்பி’ என்பது நிரல்கள் தாமாகவே ரூட்டரிடம் கேட்டுக் கதவு திறந்துகொள்ளும் வசதி. வசதிதான், ஆனால் நல்ல நிரலா கெட்ட நிரலா என்று அது விசாரிப்பதில்லை. கையால் ஒரு கதவைத் திறந்து, ஆட்டம் முடிந்ததும் மூடுவதையே நான் விரும்புவேன்.

இவ்வளவும் செய்து நண்பர்கள் நுழைய முடியாவிட்டால், ரூட்டரின் பக்கத்தில் காணப்படும் வெளி முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையான எண்களில் தொடங்கினால், இணைப்பு நிறுவனம் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது என்று பொருள். கதவு நம் வீட்டில் இல்லை, நிறுவனத்தின் கட்டிடத்தில் இருக்கிறது. அப்போது நம் தீச்சுவரை அணைத்தாலும் ஒன்றுதான், அணைக்காவிட்டாலும் ஒன்றுதான். நிறுவனத்திடம் தனிப் பொது முகவரி கேட்கலாம். அதற்குக் கட்டணம் கேட்பார்களானால், மாத வாடகைக்குக் கிடைக்கும் சர்வரோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யலாம்.