விண்டோஸ் போச்சு, சார் எழுதினது போகல

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒரு மஞ்சள் பையோடு வந்தார். பைக்குள்ளே லேப்டாப். "தம்பி, இது ஆன் ஆகுது, ஆனா உள்ள போக மாட்டேங்குது. கடையில காட்டினேன். ஃபார்மேட் அடிச்சாதான் வரும், டி டிரைவ்ல இருக்கறது மட்டும் தங்கும்னு சொல்லிட்டாங்க. என்னோடது எல்லாம் முன்னாடியே வெச்சிருந்தேனே, அது எந்த டிரைவ்?"

முன்னாடி என்று அவர் சொன்னது டெஸ்க்டாப். அதாவது சி டிரைவ். கடைக்காரர் சொன்னபடி செய்திருந்தால் மொத்தமும் காலி.

அதில் என்ன இருந்தது என்று கேட்டேன். மீஞ்சூரை வட காஞ்சி என்று சொல்வது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். ஏகாம்பரநாதர் கோயில், வரதராஜப் பெருமாள் கோயில் இரண்டும் இங்கே உண்டு. சார் ஆரம்பித்தது கோயிலில்தான். பிறகு சுற்றியுள்ள கிராமங்களுக்கு சைக்கிளில் போய், வயல்களுக்கு ஜனங்கள் வைத்திருந்த பெயர், குளம் தாங்கல் பெயர், எந்த மதகு எந்தப் பக்கம் பாயும் என்றெல்லாம் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வைத்திருக்கிறார். பதினோரு வருஷ வேலை. சொன்னவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை. சில இடங்களில் வயலும் இல்லை, கம்பெனி காம்பவுண்டு சுவர்தான் இருக்கிறது. பிரிண்ட் எடுத்தீங்களா சார் என்றேன். "முடிச்சிட்டு எடுக்கலாம்னு இருந்தேன்" என்றார்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. காரணம் உண்டு. பல வருஷம் முன்னாடி என் கம்ப்யூட்டரை ஒரு கடையில் கொடுத்து, "ஃபோட்டோவை மட்டும் எடுத்து வெச்சிட்டு ஓஎஸ் போடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் மை பிக்சர்ஸ் ஃபோல்டரை மட்டும் எடுத்து வைத்தார். என் தங்கை கல்யாணப் படங்கள் கேமராவிலிருந்து இறக்கிய வேறொரு ஃபோல்டரில் இருந்தன. அவர் மேல் தப்பில்லை, நான்தான் எங்கே இருக்கு என்று சொல்லவில்லை. சொல்ல எனக்கே தெரியாது.

ஃபார்மேட் அடித்தால் நடப்பது என்ன?

பத்திரப் பதிவு ஆபீஸை நினைத்துக்கொள்ளுங்கள். பத்திரங்கள் ரெக்கார்டு ரூமில் இருக்கும். எந்தப் பத்திரம் எந்த வால்யூமில் என்று சொல்லும் அட்டவணை தனியாக இருக்கும். சாதாரண 'குயிக் ஃபார்மேட்' அட்டவணையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது அட்டவணை வைக்கிறது. பழைய பத்திரங்கள் கொஞ்ச நேரம் அங்கேயேதான் இருக்கும். அதனால்தான் டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் மாதிரி இலவச மென்பொருள்களால் அழிந்த படங்களைத் தோண்டி எடுக்க முடிகிறது. ஆனால் ஃபார்மேட் முடிந்த அடுத்த நிமிஷமே புது விண்டோஸ் பல ஜிபி அளவுக்கு அதே இடத்தில் உட்காருகிறது. எது மேலே உட்கார்ந்ததோ அது போனது போனதுதான். எஸ்எஸ்டி என்றால் இன்னும் மோசம். அழித்த இடத்தை 'டிரிம்' என்ற கட்டளை மூலம் டிஸ்க்கே உள்ளுக்குள் துடைத்துவிடும். தோண்டுவதற்கு ஒன்றும் இருக்காது. ஆக ரெக்கவரி சாஃப்ட்வேர் இருக்கே என்ற தைரியத்தில் ஃபார்மேட் அடிக்கக் கூடாது.

டி டிரைவ் பத்தியும் ஒரு வார்த்தை. நம்ம ஊரில் இது கிட்டத்தட்ட ஒரு நம்பிக்கையாகவே இருக்கிறது: சி போகும், டி போகாது. இரண்டும் ஒரே டிஸ்க்கில் கோடு போட்டுப் பிரித்த இரண்டு பாகம், அவ்வளவுதான். சி-யை மட்டும் ஃபார்மேட் செய்தால் டி பிழைக்கும், உண்மை. ஆனால் விண்டோஸ் போடும்போது வரும் பார்ட்டிஷன் பட்டியலில் சி, டி என்ற எழுத்தே தெரியாது. பார்ட்டிஷன் 1, 2, 3 என்றுதான் வரும். அளவை வைத்து ஊகிக்க வேண்டும். அவசரத்தில் எல்லாவற்றையும் டிலீட் செய்து புதிதாகப் பிரிக்கிறவர்களும் உண்டு. டிஸ்க்கே கெட்டுப்போனால் சி என்ன, டி என்ன.

சாரோட லேப்டாப்

அது அவருடையது இல்லை, மகளுக்கு ப்ளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்தது. விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை 2011 செப்டம்பர் 15 அன்று ஜெயலலிதா தொடங்கி வைத்தது நம்ம மாவட்டத்தில்தான், திருவள்ளூரை ஒட்டிய காக்களூரில். எல்காட் கொள்முதல் செய்து கொடுத்த அந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு கூடவே பாஸ் லினக்ஸும் போட்டிருந்தார்கள். பாஸ் என்பது சென்னை சி-டாக் உருவாக்கியது, டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. ஆன் செய்ததும் எது வேண்டும் என்று ஒரு மெனு கேட்கும். பிள்ளைகள் யாரும் அதைத் தொட்டதாக நான் பார்க்கவில்லை. முதல் தடவை கடைக்குப் போனதுமே 'இடத்தை அடைச்சிக்கிட்டு இருக்கு' என்று பாஸை எடுத்துவிடுவார்கள்.

சாரோடதில் யாரும் எடுக்கவில்லை! விண்டோஸ் 7 பாதி வழியில் நீலத் திரை காட்டி நின்றது. திரும்ப ஆன் செய்து மெனுவில் பாஸைத் தேர்ந்தெடுத்தேன். வந்துவிட்டது. பாஸ்வேர்டு கேட்டது. மகள் பெங்களூரில் இருக்கிறாள், போன் போட்டோம். "அண்ணா, அப்ப என் பரீட்சை நம்பரைத்தான் எல்லாத்துக்கும் வெச்சிருப்பேன்" என்று சொல்லி, மார்க் ஷீட்டைத் தேடி எடுத்து நம்பரைப் படித்தாள். திறந்தது.

லினக்ஸுக்கு விண்டோஸ் பார்ட்டிஷனைப் படிக்கத் தெரியும். யூசர்ஸ் ஃபோல்டருக்குள் சார் பெயர், அதற்குள் டெஸ்க்டாப், அதற்குள் 'ஊர்' என்று ஒரு ஃபோல்டர். 212 ஃபைல்கள். சார் திரையைத் தொட்டுப் பார்த்தார்.

உங்கள் மெஷினில் பாஸ் இல்லாவிட்டாலும் இதே வேலையை ஒரு பென் டிரைவ் செய்யும். வேறொரு கம்ப்யூட்டரில் உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட்டை பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து, 'இன்ஸ்டால்' என்பதைத் தொடாமல் 'டிரை' என்பதை அழுத்தினால் போதும். டிஸ்க்கில் எதையும் எழுதாமலே உள்ளே இருப்பதைப் பார்க்கலாம், காப்பி எடுக்கலாம். விண்டோஸ் பாஸ்வேர்டு இதைத் தடுக்காது. அப்படியென்றால் உங்கள் லேப்டாப்பை வாங்கி வைக்கும் எவரும் உள்ளே பார்க்க முடியும் என்றும் அர்த்தம். புது லேப்டாப்களில் பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தால் மட்டும் 48 இலக்க ரெக்கவரி கீ வேண்டும். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் இருக்கும். கம்ப்யூட்டர் நன்றாக ஓடும்போதே அதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

காப்பி போட ஆரம்பித்தேன். நடுவில் கரண்ட் போனது. (அனல் மின் நிலையம் மூன்று ஸ்டேஷன் தள்ளி அத்திப்பட்டு புதுநகரில். இருந்தும் எங்களுக்கு இப்படி.) பேட்டரி செத்துப்போன லேப்டாப், உடனே அணைந்தது. மறுபடி ஆன் செய்தபோது டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று ஒரு சத்தம். அப்போதுதான் உறைத்தது. கெட்டது விண்டோஸ் இல்லை, டிஸ்க். அதன் மேலேயே புது விண்டோஸ் போட்டிருந்தால் இரண்டு வாரத்தில் அதுவும் படுத்திருக்கும்.

சாகக் கிடக்கும் டிஸ்க்கில் எதை முதலில் எடுப்பது என்பது முக்கியம். சினிமா, பாட்டு எல்லாம் அப்புறம். 'ஊர்' ஃபோல்டரை மட்டும் முதலில் எடுத்தேன். 212-ல் 210 வந்தன. இரண்டு ஃபைலுக்கு 'படிக்க முடியவில்லை' என்று எரர். அதற்கு மேல் நோண்டாமல் அணைத்து, டிஸ்க்கைக் கழற்றி என் கம்ப்யூட்டரில் மாட்டி, டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளை ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். இது நல்லா இருக்கும் பகுதிகளை முதலில் அள்ளிக்கொள்ளும். அடம் பிடிக்கும் பகுதிகளுக்கு அப்புறம் திரும்பி வந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். காலையில் அந்த இரண்டில் ஒன்று முழுசாக வந்திருந்தது. இன்னொன்று திறக்கவே இல்லை.

வந்ததா, வரலையா

காப்பி முடிந்தது என்று கம்ப்யூட்டர் சொல்வதை நம்பாதீர்கள். இரண்டு பக்கமும் ஃபைல் எண்ணிக்கை, மொத்த அளவு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அப்புறம் நாலைந்து ஃபைலைத் திறந்து பாருங்கள். பென் டிரைவ் எஃப்ஏடி32 வகையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேல் உள்ள ஒரு தனி ஃபைல் அதில் ஏறவே ஏறாது. கல்யாண வீடியோக்கள் இங்கேதான் மாட்டும்.

நான் திறந்து பார்த்தபோதுதான் அடுத்த அதிர்ச்சி. திரை முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பை. "எல்லாம் அழிஞ்சிருச்சா தம்பி?" என்றார் சார். முகம் வெளிறிவிட்டது.

அழியவில்லை, ஃபாண்ட் இல்லை. சார் டைப் அடித்தது பாமினியில். யுனிகோட் பரவுவதற்கு முன் தமிழ் ஃபாண்ட்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை ஒளித்து வைத்து வேலை செய்தன. பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் ஃபைலில் உண்மையாகப் பதிவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். பாமினி ஃபாண்ட் இருக்கும் கம்ப்யூட்டரில் அம்மா தெரிவாள், இல்லாததில் குப்பை தெரியும். அரசு ஆபீஸ்களில் வானவில் அவ்வையாரும் இதே கதைதான், எழுத்துக்கான இடங்கள் மட்டும் வேறு. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்று பொதுத் தரம் கொண்டுவந்தார்கள். 2010-ல்தான் தமிழக அரசு யுனிகோடைத் தரமாக ஏற்றது. அதற்குள் லட்சக்கணக்கான பக்கங்கள் பழைய ஃபாண்ட்களில் குவிந்துவிட்டன.

ஓஎஸ் மாற்றும்போது ஃபைலைக் காப்பாற்றி ஃபாண்டை விட்டுவிடுகிறவர்கள் நம்மில் நிறைய. விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபாண்ட்ஸ் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், அதையும் முழுசாக அள்ளி வையுங்கள். சில எம்பிதான். சாரோட டிஸ்க்கிலிருந்து பாமினியை எடுத்துப் போட்டதும் தமிழ் வந்தது.

இப்படி டெஸ்க்டாப்பிலும் டாக்குமென்ட்ஸிலும் தெரியாத சொத்துகள் வேறு சிலவும் உண்டு. கடை வைத்திருப்பவர்களுக்கு டேலி கணக்கு: டேலி ஈஆர்பி 9 வழக்கமாகத் தன் டேட்டாவை சி டிரைவில் தன் ஃபோல்டருக்குள்ளேயே வைக்கும், டாக்குமென்ட்ஸில் தேடினால் கிடைக்காது. பிரவுசர் புக்மார்க், சேமித்த பாஸ்வேர்டு, தண்டர்பேர்டு மெயில் எல்லாம் ஆப்டேட்டா என்ற மறைவான ஃபோல்டரில். ஒன்டிரைவில் மேகம் போட்ட ஐகானோடு தெரியும் ஃபைல் உங்கள் டிஸ்க்கிலேயே இருக்காது, பெயர்ப் பலகை மட்டும்தான் இருக்கும்.

ஓஎஸ் போட்டது

மேட்டர் இதுதானே, ஆனால் சொல்ல கொஞ்சம்தான் இருக்கிறது. டேட்டா வெளியே வந்துவிட்டால் ஓஎஸ் போடுவது சமையல் முடிந்த வீட்டில் இலை போடுவது மாதிரி. சாருக்கு ஒரு 240 ஜிபி எஸ்எஸ்டி வாங்கி மாட்டினேன். பழைய டிஸ்க்கைத் துணியில் சுற்றி அவர் பீரோவிலேயே வைக்கச் சொன்னேன். என்னைக் கேட்டால் இருப்பதிலேயே பத்திரமான வழி இதுதான். பழைய டிஸ்க்கைத் தொடாமல் கழற்றி வை, புது டிஸ்க்கில் ஓஎஸ் போடு. தப்பு நடந்தாலும் போவது ஒன்றுமில்லை.

விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்தது, 10-க்கு 2025 அக்டோபரில். 11 இந்தப் பழைய மெஷினில் முறைப்படி ஏறாது. அதனால் லேசான ஒரு லினக்ஸ், லுபுண்டு. 'ஹோம்' பகுதியைத் தனி பார்ட்டிஷனாக வைத்தேன். அடுத்த தடவை ஓஎஸ் மாற்றும்போது அதை மட்டும் ஃபார்மேட் செய்யாமல் விட்டால் அவர் ஃபைல்கள் அப்படியே இருக்கும்.

விண்டோஸ்தான் வேண்டும், டிஸ்க்கும் நன்றாக இருக்கிறது என்பவர்களுக்கு: 10-லும் 11-லும் 'ரீசெட் திஸ் பிசி' போய் 'கீப் மை ஃபைல்ஸ்' கொடுக்கலாம். உங்கள் ஃபைல்கள் தங்கும், நீங்கள் போட்ட மென்பொருள்கள் போய்விடும். பென் டிரைவிலிருந்து போடும்போது ஃபார்மேட் அழுத்தாமல் அதே பார்ட்டிஷனில் போட்டால் பழையதெல்லாம் 'விண்டோஸ்.ஓல்ட்' என்ற ஃபோல்டருக்குள் போய் உட்காரும். அது நிரந்தரம் இல்லை, விண்டோஸ் தானே பின்னால் துடைத்துவிடும், அன்றைக்கே உள்ளே போய் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே காப்பி எடுத்த பிறகு செய்ய வேண்டியவை. பாதியில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்று மேலே படித்தீர்கள்.

பாமினி ஃபைல்களை என்எச்எம் கன்வர்ட்டர் மூலம் யுனிகோடுக்கு மாற்றிக் கொடுத்தேன். மூல ஃபைல்களை அழிக்கவில்லை. ஏனென்றால் சார் நடுநடுவே ஆங்கிலத்தில் எழுதியிருந்த சர்வே விவரங்களையும் கன்வர்ட்டர் தமிழ் என்று நினைத்து வாயில் நுழையாத எழுத்துகளாக்கிவிட்டது. பக்கம் பக்கமாக ஒப்பிட்டுத்தான் சரி செய்ய வேண்டும். இப்போது எல்லாம் மூன்று இடத்தில் இருக்கிறது: அவர் லேப்டாப், என் வீட்டு ஹார்ட் டிஸ்க், மகளுடைய கூகுள் டிரைவ். முதல் நாற்பது பக்கம் பிரிண்டும் எடுத்தாயிற்று.

திறக்காமல் போன அந்த ஒரு ஃபைல் தாங்கல்களின் பட்டியல். நோட்டில் கொஞ்சம் இருக்கிறதாம். மீதிக்கு இரண்டு பேரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்றார், ஒருவர் கும்மிடிப்பூண்டிக்கு மகன் வீட்டுக்குப் போய்விட்டாராம். லுபுண்டுவில் தமிழ் டைப்ரைட்டர் விசைப்பலகை வைத்துக் கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் நாங்கள் இரண்டு பேரும் போகிறோம்.