புனித பவுல் தங்கிய சிரக்கூசா

உரோமைக்குக் கைதியாகக் கொண்டு செல்லப்பட்ட புனித பவுல், மால்தாவிலிருந்து புறப்பட்டு, வழியில் சிரக்கூசாவில் மூன்று நாள் தங்கினார் (திப 28:12). அந்த ஊரைப் பற்றி விவிலியம் வேறெதுவும் சொல்வதில்லை. வரலாறு நிறையவே சொல்கிறது.

சிசிலித் தீவின் கிழக்குக் கரையிலுள்ள இந்நகரை ஏறக்குறைய கி.மு. 734-இல் நிறுவியவர்கள், கடல் கடந்து குடியேறிய கொரிந்து நகரத்தார். ஆம், பின்னாளில் பவுல் திருமடல்கள் எழுதிய அதே கொரிந்துதான். கி.மு. 480-இல் ஹிமெராவில் கார்த்தேஜியரை வென்ற மன்னன் கெலோன், ஏதெனா தெய்வத்துக்கு இங்கே கோவில் எழுப்பினான். கி.மு. 413-இல் படையெடுத்து வந்து தோற்ற ஏதென்சு தரப்பு வீரர்கள், 7000 பேருக்குக் குறையாமல், கல்குழிகளில் அடைக்கப்பட்டனர். கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் தானியம், மேலே கூரையில்லாத வெயில். பலர் அங்கேயே மடிந்தனர். பின்னர் முதலாம் தியோனிசியு 38 ஆண்டுகள் சர்வாதிகாரியாக ஆண்டான். கி.மு. 212-இல் நகரம் உரோமையரிடம் வீழ்ந்தது. அறிஞர் ஆர்க்கிமிடிசும் அன்று கொல்லப்பட்டார். கைதிகளைப் பட்டினி போட்ட ஊருக்குப் பவுலும் ஒரு கைதியாகவே வந்தார். அப்போது அங்கே அரசர் எவரும் இல்லை.

கெலோனின் கோவிலோ 7-ஆம் நூற்றாண்டில் ஆயர் சோசிமு காலத்தில் பேராலயமாயிற்று. தூண்களுக்கு இடையே சுவர் வைத்து அடைத்தார்கள், தூண்களை இடிக்கவில்லை. இன்றும் திருப்பலிக்குச் செல்வோர் அவற்றைத் தெருவிலிருந்தே பார்க்கலாம்.