கொண்டித் தொழு

கால்நடைக்கு எல்லைக்கல் தெரியாது. பயிருக்கோ எல்லையின்றி வாழ்வில்லை. இவ்விரண்டிற்கும் இடையே எழும் வழக்கு உழவு தோன்றிய நாள்தொட்டு உள்ளது. அதனைத் தீர்க்க மக்கள் கண்ட வழிகளுள் ஒன்று, தவறிப் புகுந்த விலங்கைப் பிடித்துப் பொதுவிடத்தில் அடைத்து, உடையவன் வந்து கேட்குங்கால் தண்டம் பெற்றுத் திருப்பித் தருதலாகும். அவ்விடத்தை நம் நாட்டார் பட்டி என்றும், கொண்டித் தொழு என்றும், பிற்காலத்தே பவுண்டு என்றும் வழங்கினர். இது மிகச் சிறிய பொருளன்றோ எனச் சிலர் நினைக்கலாம். பிறனுடைய உடைமை நம் கையில் அகப்பட்டபோது நாம் எவ்வாறு நடத்தல் வேண்டும் என்னும் பெரிய வினா இதனுள் அடங்கியிருத்தலின், இதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

முதற்கண் சொல்லை நோக்குவோம். கொண்டி என்பது பழந்தமிழிற் கொள்ளைப் பொருளைக் குறிக்கும். அச்சொல்லே பின்னர்ப் பட்டிமாட்டிற்கும் பெயராயிற்று. ஆநிரை கவர்தலையும் மீட்டலையும் தொல்காப்பியர் வெட்சி என ஒரு திணையுள்ளே அடக்கினார். புறப்பொருள் வெண்பாமாலையோ மீட்டலைக் கரந்தை எனத் தனித்திணையாக்கிற்று. கவர்தலும் மீட்டலும் அத்துணை நெருங்கியவை. அங்ஙனமாயின், பிறன் மாட்டை ஓட்டிச் செல்லும் கள்வனுக்கும் தொழுவில் அடைக்கும் காவலனுக்கும் வேற்றுமை யாது? காவலன் கணக்கு எழுதுகிறான், ஊரறியச் சொல்லுகிறான், உடையவன் வரும்வரை தீனி இடுகிறான். இம்மூன்றும் நீங்கின் தொழுவும் கொள்ளையிடமே ஆகும்.

இனி, நம் பொருநைக் கரைக்கு வருவோம். கோடகன் கால், பாளையங்கால், நெல்லைக் கால்வாய், மருதூர் மேலக்கால், கீழக்கால் முதலிய வாய்க்கால்களாற் பாயும் இந்நிலத்திற் காரும் பிசானமும் விளைகின்றன. அறுவடை முடிந்ததும் அரிதாள் வயலில் ஆடுமாடுகள் மேயும். எருவிற்காகக் கூலி கொடுத்துக் கிடை அமர்த்தும் நிலக்காரரும் உளர். அதே ஆடு, நாற்றுப் பாவிய பின்னர் வரப்பைத் தாண்டினால் பகையாகிறது. ஆகவே குற்றம் விலங்கினிடத்து இல்லை. நாளினிடத்தும் இடத்தினிடத்துமே உள்ளது. ஓரிரவில் இரண்டு எருமைகள் நாற்றங்காலில் இறங்கினால் அப்பூவின் நடவே தவறக்கூடும். ஒரேயொரு கறவைப் பசுவை நம்பி அடுப்பெரிக்கும் குடும்பத்திற்கோ, அப்பசு ஒரு வாரம் அடைபட்டால் உலை ஏறாது. இருவரும் எளியர், இருவர்பக்கமும் நியாயம் உண்டு.

இவ்விருவருக்கும் நடுநின்ற சட்டம் 1871-ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறற் சட்டமாகும். பயிரை அழித்த விலங்கைப் பிடிக்கும் உரிமையை அது உழவனுக்கு அளித்தது. ஆயின் 24 மணி நேரத்திற்குள் தொழுவிற்கு அனுப்புமாறு பணித்தது. தன் கொட்டிலிற் கட்டிவைத்துப் பேரம் பேச அவனுக்கு உரிமையில்லை. கொண்டுவரப்பட்ட விலங்குகளின் தொகை, அடையாளம், வந்த நாள், நாழிகை, பிடித்தவன் பெயரும் ஊரும், தெரியுமாயின் உடையவன் பெயரும் ஊரும் ஆகியவற்றைத் தொழுக் காவலர் ஏட்டிற் பதிந்து, அதன் படியைப் பிடித்தவனிடம் கொடுத்தல் வேண்டும். தண்டமும் தீனிக் கட்டணமும் யாவரும் காணுமிடத்தில் எழுதித் தொங்கவிடப்பட வேண்டும். யானைக்கு 2 ரூபாய். எருமைக்கும் ஒட்டகத்திற்கும் 8 அணா. குதிரை, எருது, பசு இவற்றிற்கு 4 அணா. கன்று, கழுதை, பன்றி இவற்றிற்கு 2 அணா. ஆட்டிற்கு 1 அணா என்பது அச்சட்டத்தின் முதற் பட்டியல். ரூபாய்க்குப் 16 அணா ஆதலின், பசுவின் தண்டம் கால் ரூபாயே.

ஏழு நாளில் ஒருவரும் கேட்டு வாராவிடின் காவல் நிலையத்திற்கேனும் உரிய அலுவலர்க்கேனும் அறிவித்தல் வேண்டும். அங்கே விளம்பரம் ஒட்டப்படும். விலங்கு பிடிபட்ட ஊரிலும் அதற்கு அண்மையிலுள்ள சந்தையிலும் தமுக்கடித்துச் சொல்லப்படும். அதன்பின் மேலும் ஏழு நாள் கழிந்தே ஏலம் விடலாம். ஏலத்தொகையிற் செலவு போக எஞ்சியது மூன்று திங்கள் உடையவனுக்காக வைக்கப்படும். தொழுக் காவலரோ காவல்துறையினரோ அவ்வேலத்தில் விலங்கை வாங்கலாகாது என்னும் விதியே இச்சட்டத்தின் உயிர்நாடி எனலாம். அடைப்பவனே வாங்குபவனும் ஆயின், உடையவன் வாராமையே அவனுக்கு ஊதியமாகுமன்றோ? முறையின்றிப் பிடித்தமை மெய்ப்பிக்கப்படின் பிடித்தவன் இழப்பீடு தருதல் வேண்டும். தொழுவிற்குக் கொண்டு செல்லும் விலங்கை வலிந்து மீட்பவனுக்கோ ஆறு திங்கள் வரை சிறையுண்டு. இங்ஙனம் இருபுறத்துக்கும் வேலி கட்டப்பட்டது.

எழுத்தில் உள்ள விதி நடைமுறையில் தளர்ந்தால் விளைவது யாதென்பதற்கு எம் பாட்டியார் இளமையிற் கண்டதாகச் சொல்லும் ஒரு நிகழ்ச்சி சான்றாகும். அவர் தெருவில் வாழ்ந்த கைம்பெண் ஒருவருடைய செவலைப் பசு ஒருநாள் மாலை வீடு திரும்பவில்லை. கன்று இரவெல்லாம் கதறிற்று. அவ்வம்மையார் வாய்க்காற்கரை நெடுகத் தேடினார். கிணறுதோறும் எட்டிப் பார்த்தார். அது அடுத்த ஊர்த் தொழுவில் அடைபட்டிருப்பதைச் சந்தைக்குச் சென்று மீண்ட ஒருவர் ஆறாம் நாள் தற்செயலாகச் சொல்லியே அறிந்தார். தண்டம் சிறிது, நாள்தோறும் ஏறிய தீனிச் செலவோ பெரிது. காதுத் தோட்டை அடகு வைத்துப் பசுவை மீட்டு வந்தார். அதற்குள் பால் வற்றிவிட்டது. பசுவை அடைத்தது தவறன்று. அது பிறர் வயலில் மேய்ந்ததே. பக்கத்து ஊருக்கு ஒரு சொல் முதல் நாளே அனுப்பாமையே அக்குடும்பத்தை வருத்திற்று.

உடையவனைக் கண்டறிதற்கு அடையாளமே வழி. மயிலை, செவலை, காரி, புல்லை, மறை என நிறத்தாலும், கொம்பின் வளைவாலும், உடலிலுள்ள சுழியாலும், சூட்டுக்குறியாலும் நம் முன்னோர் மாட்டை இனங்கண்டனர். இந்நாளில் 12 இலக்க எண் பொறித்த தோட்டினைக் கால்நடைத் துறையினர் மாட்டின் காதில் மாட்டுகின்றனர். இங்கிலாந்தில் 2016 முதல் நாய்களின் தோலின்கீழ் நுண்சில்லு பொருத்துதல் கட்டாயமாயிற்று. அங்கும் அநாதையாய்த் திரிந்து பிடிபட்ட நாயை ஏழு நாள் வைத்திருந்த பின்னரே பிறருக்குக் கொடுக்கலாம் என்பது 1990-ஆம் ஆண்டுச் சட்டம். கடல்கடந்த நாட்டு நாய்க்கும் நம் நாட்டு மாட்டிற்கும் அதே ஏழு நாள் அமைந்தது கருதத்தக்கது. உடையவனுக்குக் காலம் கொடுத்தல் எங்கும் நீதியாகவே கொள்ளப்பட்டது.

இனி நகரத்தை நோக்குவோம். 1866-இல் நகராட்சியாகி 1994-இல் மாநகராட்சியான திருநெல்வேலியில், மாட்டினால் அழிவது இன்று பயிர் மட்டுமன்று. காலையிற் பால் கறந்து தெருவில் ஓட்டிவிடப்பட்ட மாடுகள் சாலை நடுவே படுத்திருத்தல் நாம் நாள்தோறும் காண்பதே. 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இந்நகரத் தெருவிற் சண்டையிட்ட மாடுகள் மோதியதால் இருசக்கர வண்டியிற் சென்ற ஒருவர் பேருந்தின் கீழ் விழுந்து உயிர் நீத்தார். நெடுஞ்சாலைகளில் திரியும் கால்நடைகளை அகற்றிக் காப்பிடங்களில் வைக்குமாறு 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஆகவே, பிடித்தல் வேண்டுமா என்னும் வினாவிற்கு இனி இடமில்லை. எவ்வாறு பிடித்து எவ்வாறு திருப்பித் தருதல் என்பதே வினா.

சென்னை மாநகராட்சி 2024-இல் முதன்முறை பிடிபடும் மாட்டிற்கு 10,000 ரூபாயும் மறுமுறைக்கு 15,000 ரூபாயுமாகத் தண்டத்தை உயர்த்திற்று. நாலணாவிற்கு அஞ்சாதவனும் இதற்கு அஞ்சுவான். ஆயினும் ஒன்று நினைத்தல் வேண்டும். கறவையை மீட்க உடையவன் ஓடி வருவான்; கறவை ஓய்ந்த பசுவின் விலை தண்டத்தினும் குறைந்தால் அவன் வாரானன்றோ? அப்போது தொழு, திருப்பித் தரும் இடம் என்னும் தன்மை நீங்கிக் கைவிடப்பட்டவற்றின் சிறையாகிவிடும். ஆதலின் தண்டத்தின் கடுமையை மட்டும் நம்பாது, காதுத் தோட்டின் எண்ணைப் பார்த்து அன்றே உடையவனுக்கு அறிவித்தலும், தீனிக் கணக்கை வெளிப்படையாக எழுதி வைத்தலும், மீண்டும் மீண்டும் அவிழ்த்து விடுபவனைப் பிரித்தறிந்து ஒறுத்தலும் வேண்டும். தமுக்கு ஒரு நாளில் ஓரூருக்குச் சொன்னதைத் தொலைபேசி ஒரு நொடியில் உடையவன் காதிற் சொல்லுமே.

எபிரேயருடைய பண்டைச் சட்டமும் வழிதப்பிய மாட்டைக் கண்டால், அது பகைவனுடையதாயினும், அவனிடம் சேர்க்குமாறு பணித்தது. உடையவன் இன்னானென்று தெரியாவிடின், அவன் தேடி வருமளவும் வீட்டில் வைத்துக் காக்கவும் கட்டளையிட்டது. பயிரைக் காக்கவும் வழிச்செல்வோரைக் காக்கவும் தொழு வேண்டும். அதன் கதவு ஏட்டிற்கும் அறிவிப்பிற்கும் உடையவனுக்கும் திறந்திருத்தலும் வேண்டும். அன்றுதான் கொண்டி என்னும் சொல் தன் பழம்பொருளாகிய கொள்ளையினின்றும் முற்றும் விடுபடும் என்க.